தச்சுப் பட்டறையில் தவறு நேர்ந்தால்...!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று ஒரு பழமொழி உண்டு. இதை முதன்முதலில் சொன்னவர் கட்டாயம் ஒரு தச்சராகத்தான் இருந்திருப்பார் என்பது என் எண்ணம். ஏனென்றால் மரவேலையில் நேருகிற தவறு மாதிரி மனுஷனுக்கு ஆத்திரத்தைக் கிளப்புவது வேறொன்றும் இல்லை!

நம் முதலாண்டு வொர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். வெல்டிங் ஷாப்பில் இடைவெளி விழுந்தால் மேலே இன்னொரு ரன் ஓட்டி நிரப்பிவிடலாம். ஃபவுண்டரியில் வார்ப்பு கெட்டால் உருக்கி மறுபடி ஊற்றலாம். மரத்தில் இந்த இரண்டுமே நடக்காது. அறுத்தது அறுத்ததுதான். இழைத்துத் தள்ளிய சீவலைத் திரும்ப ஒட்டிப் பலகையாக்க யாராலும் முடியாது.

எங்கள் அப்பா தச்சு வேலை செய்பவர். வீட்டுக் கொல்லையில் இருக்கிற கீற்றுக் கொட்டகைதான் பட்டறை. குடும்பத்தில் படிப்பு என்று வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பலகையில் அளவு எழுதத் தெரியும், அதோடு சரி. விடுமுறை நாட்களில் பலகை பிடிப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் என் பொறுப்பு. அங்கே கண்டதையும் இங்கே வகுப்பில் படித்ததையும் சேர்த்துப் பார்த்தபோது எழுதத் தோன்றியதே இந்தக் கட்டுரை. வீட்டிலேயே சின்னதாக ஒரு ஸ்டூலோ அலமாரியோ செய்து பார்க்க ஆசைப்படும் நண்பர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

முதல் காரணம் காசு. மரத்தைக் கன அடிக் கணக்கில்தான் வாங்குகிறோம். 7 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள ஒரே ஒரு நிலைச் சட்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 0.58 கன அடி வரும். தேக்கு என்றால் கன அடி ஆயிரக்கணக்கில் விற்கிறது. ஒரு அங்குலம் குட்டையாக அறுத்துவிட்டால் அந்த அரைக் கன அடிக்கு மேற்பட்ட மரமும் கேள்விக்குறியாகி விடுகிறது. தினக்கூலிக் குடும்பத்தில் இது சின்ன விஷயமா?

இரண்டாவது காரணம் உழைப்பு. மரவேலையில் தவறு முதல் நாளே வந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் அது கடைசியில்தான் வரும். நாலு நாள் அறுத்து, இழைத்து, துளை போட்டு, கழுந்து வெட்டி முடித்து, கடைசி ஆணியை அடிக்கும்போது பலகை 'சட்'டென்று பிளந்துகொள்ளும். கெட்டது பலகை மட்டுமல்ல, நாலு நாளும்தான்.

மூன்றாவது காரணம், பழி போட ஆள் இல்லாதது. தொழிற்சாலையில் டிராயிங் போட ஒருவர், மெஷின் ஓட்ட ஒருவர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒருவர். வீட்டுப் பட்டறையில் மூன்று பேரும் ஒரே ஆள்தான். அதனால்தான் சிலர் ரம்பத்தைத் திட்டுவார்கள், சிலர் மரக்கடைக்காரரைத் திட்டுவார்கள். பலகை பிடித்துக்கொண்டிருக்கும் பையனுக்குத் திட்டு விழுவதும் உண்டு! ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்ற கதைதான்.

முதல் தவறு ஒரு நூல், இரண்டாம் தவறு ஒரு பலகை!

நம் தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் ஒரு 'நூல்' என்பார்கள். நம் கணக்கில் சுமார் 3.2 மில்லிமீட்டர். பட்டறையில் நேரும் முதல் தவறு பெரும்பாலும் ஒரு நூல், இரண்டு நூல் அளவில்தான் இருக்கும். அதோடு நிறுத்தினால் சரி செய்ய வழி உண்டு. ஆனால் பலகையே பாழாவது எப்போது என்றால், முதல் தவறைப் பார்த்த பதற்றத்தில், அடுத்த நிமிஷமே கைவைத்துச் செய்கிற இரண்டாவது தவறால்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான்.

ஆடுகிற நாற்காலியை எடுத்துக்கொள்வோம். ஒரு கால் நீளம் என்று தோன்றுகிறது. உடனே அதைக் கொஞ்சம் அறுக்கிறார் ஒருவர். இப்போது வேறொரு பக்கம் ஆடுகிறது. அதையும் அறுக்கிறார். இப்படியே நாலு காலையும் சுற்றி வந்தால் நாற்காலி மணைப்பலகை ஆகிவிடும்! உண்மையில் முதலில் பார்க்கவேண்டியது தரையை. தரை மேடுபள்ளமாக இருந்தாலே நாற்காலி ஆடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்று நாம் ஜியோமெட்ரியில் படித்ததுதான் காரணம். நாலாவது புள்ளி வந்தால்தான் தகராறு.

சரியான முறை இது: நாற்காலியை மட்டமான இடத்தில் நிறுத்தவேண்டும். ஆடாமல், உட்காரும் பலகை மட்டமாக நிற்கும்வரை கால்களுக்கு அடியில் சின்னச் சின்ன ஆப்பு செருகவேண்டும். பிறகு ஒரு கட்டைத் துண்டின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதைத் தரையோடு நகர்த்தி நாலு கால்களையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு போடவேண்டும். அந்தக் கோட்டில் நாலையும் அறுத்தால் முடிந்தது. அரைமணி நேரம் ஆகும். ஆத்திரத்தில் இருப்பவருக்கு அந்த அரைமணி நேரம்தான் கிடைப்பதில்லை.

பலகை போனால் போகட்டும், விரல் போனால்? எங்கள் தெருவில் வேலை நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு சட்டம் குட்டையாகப் போய்விட்டது. அந்த எரிச்சலில், ஒட்டுப்போட ஒரு சின்னத் துண்டை அவசரமாக மின்ரம்பத்தில் தள்ளினார். தள்ளுவதற்குக் கட்டை எடுக்கவில்லை, விரலாலேயே தள்ளினார். இடதுகை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. முதல் தவறின் விலை ஒரு சட்டம்தான். இரண்டாவதன் விலையை அவர் இன்றைக்கும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலையில் ஏதாவது பிசகினால் உளியைக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்வார். பட்டறை முழுக்கப் பெருக்குவார். சீவலைத் தனியாக, தூளைத் தனியாகக் குவிப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நடுவேலையில் துடைப்பச் சத்தம் கேட்டால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். டீ போடப் போய்விடுவார்கள். டீ குடித்து முடித்தபிறகுதான் அப்பா அந்தப் பலகையைத் திரும்பப் பார்ப்பார். "பதறாத காரியம் சிதறாது" என்பதை வாயால் சொல்வது சுலபம். கை பதறாமலிருக்க அந்தக் கைக்கு வேறு ஒரு வேலை கொடுப்பதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

நிறுத்தியாயிற்று, அடுத்து என்ன?

அளக்கவேண்டும். "எல்லாம் போச்சு" என்பது அளவு இல்லை. எத்தனை மில்லிமீட்டர் போச்சு? எந்தப் பக்கம்? இதை ஒரு தாளில் எழுதினாலே பாதிக் கோபம் அடங்கிவிடும். பிறகு நாலு கேள்விகள்:

1. இது கண்ணுக்குத் தெரியுமா? அலமாரியின் பின்பக்கம் ஒரு நூல் இடைவெளி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

2. பாரம் தாங்குமா? தெரியாத இடமானாலும் கனம் தாங்கும் இடமென்றால் அலட்சியம் கூடாது.

3. திருத்த முடியுமா? அதற்கு ஆகும் நேரம், புது மரத்தின் விலையைவிடக் குறைவா?

4. இந்தத் துண்டை வேறு இடத்தில் பயன்படுத்தலாமா? குட்டையான நெடுஞ்சட்டம் நல்ல குறுக்குச் சட்டம் ஆகலாம். கதவுக்கு ஆகாதது ஜன்னலுக்கு ஆகலாம்.

நாம் இன்ஜினியரிங் டிராயிங்கில் டாலரன்ஸ் படிக்கிறோம். அதற்கென்று ஐ.எஸ். 919 என்ற இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது. எந்தப் பொருளையும் சுத்தமாக அதே அளவில் செய்ய முடியாது, எவ்வளவு விலகல் வரை அனுமதிக்கலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானி என்பதுதான் அதன் சாரம். மேலே சொன்ன நாலு கேள்விகளும் அதே டாலரன்ஸ்தான், வீட்டுப் பாஷையில்! இன்னொன்று: பொழுது சாய்ந்துவிட்டால் எந்தத் தீர்மானமும் வேண்டாம். காலை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தவறு எங்கே பிறக்கிறது?

அ) அளவில்

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மெட்ரிக் முறை வந்தது. பட்டறைகளில் இன்றும் அடி, அங்குலம், நூல்தான் பேச்சு. கடையில் வாங்கும் பிளைவுட்டோ மில்லிமீட்டரில் வருகிறது. 18 மி.மீ. பிளைவுட்டை எல்லாரும் 'முக்கால் இஞ்ச்' என்பார்கள். ஆனால் முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. அந்தப் பேச்சை நம்பிக் காடி வெட்டினால் பலகை உள்ளே தொளதொளவென்று ஆடும். ஆகவே ஒரு வேலைக்கு ஒரே அளவுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைக் கனத்தைக் காதால் கேட்காமல் டேப்பால் அளந்து பாருங்கள்.

ரம்பமும் கொஞ்சம் மரத்தைத் தின்னும். 8 அடி பிளைவுட் என்பது 2440 மி.மீ. அதை நீளவாக்கில் நாலு சம துண்டாக்க மூன்று வெட்டு வேண்டும். வெட்டுக்கு 3 மி.மீ. போனால் மொத்தம் 9 மி.மீ. போச்சு. மீதி 2431. நாலால் வகுத்தால் ஒரு துண்டு 607.75 மி.மீ. ஆனால் 2 அடி என்பது 609.6 மி.மீ. ஆயிற்றே! "நாலு ரெண்டு எட்டு" என்று மனக்கணக்கில் வரைந்தால் ஒவ்வொரு துண்டும் குறையத்தான் செய்யும். தவறு கையில் இல்லை, தாளில்.

ஒரே அளவில் பத்துத் துண்டு வேண்டுமா? முதல் துண்டை மாதிரியாக வைத்துப் பத்தையும் குறிக்கவேண்டும். இப்போது அறுத்த துண்டை வைத்து அடுத்ததைக் குறித்தால் பென்சில் கோட்டின் தடிமன் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும். தட்டுகளுக்கு உயரம் குறிக்கும்போதும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒரே அடிவிளிம்பிலிருந்து அளக்கவேண்டும். 'டேட்டம்' என்று நாம் படிக்கிறோமே, அதன் பயன் இதுதான்.

ஸ்டீல் டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக முன்பின் அசையும். பழுது என்று நினைத்து அதைச் சுத்தியால் தட்டி இறுக்கிவிடுபவர்கள் உண்டு. அது பழுதில்லை. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அது நகரவேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்து அளந்தாலும், சுவரில் முட்டவைத்து அளந்தாலும் அளவு சரியாக வர அதுதான் ஏற்பாடு.

ஆ) மரத்தில்

பல நேரம் நம் தவறு என்று நாம் நினைப்பது மரத்தின் குணமாக இருக்கும். பச்சை மரத்தில் ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். அகலத்தில்தான் சுருங்கும். அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை வளைவதற்கும் வெடிப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். தேக்குக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பல மரங்களைவிட அது குறைவாகச் சுருங்கும் என்பதும் ஒரு காரணம்.

ஐப்பசி, கார்த்திகையில் கதவு இறுகிக்கொள்வதை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்போம். உடனே இழைப்புளியை எடுத்துத் தாராளமாக இழைத்துவிட்டால் பங்குனி, சித்திரையில் அந்தக் கதவின் இடுக்கு வழியே தெரு தெரியும்! மழைக்காலத்தில் உரசுகிற இடத்தில் மட்டும் கொஞ்சமாக எடுத்துவிட்டு, இழைத்த பக்கத்துக்கு வார்னிஷோ பெயிண்டோ பூசி ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

சட்டம் போட்ட கதவில் நடுப்பலகை காடிக்குள் லேசாக ஆடும்படி விட்டிருப்பார்கள். அதைக் குறை என்று நினைத்து ஃபெவிகால் ஊற்றி ஒட்டிவிட்டால், சுருங்க இடமில்லாமல் பலகை நடுவில் வெடித்துவிடும். டேப்பின் கொக்கியைப் போலவே இதுவும் வேண்டுமென்றே விட்ட ஆட்டம். ஆகவே ஒன்றைச் 'சரி' செய்யும் முன், அது உண்மையில் தவறுதானா என்று கேட்டுப் பாருங்கள்.

இ) கருவியில்

மூலைமட்டம் சரியா என்று பார்க்க வேறு மட்டம் வேண்டியதில்லை. நேர் விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், அந்த விரிவில் பாதிதான் மட்டத்தின் உண்மையான கோணல். சட்டம் சேர்த்தபிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் நாலு மூலையும் நேர். 3 அடிக்கு 4 அடிச் சட்டமென்றால் மூலைவிட்டம் 5 அடி வரவேண்டும். பிதாகரஸ் தேற்றம் பரீட்சைக்கு மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

உளி மழுங்கியிருந்தால் நாம் பலத்தைக் கூட்டுகிறோம். பலம் கூடினால் உளி வழுக்கும். வழுக்கினால் மரமும் கெடும், கையும் கெடும். கூரான உளியைவிட மழுங்கிய உளிதான் ஆபத்து. ஒரே மாதிரித் தவறு மூன்று முறை வந்தால், நாலாவது முறை முயலாமல் சாணைக்கல்லை எடுப்பதே புத்திசாலித்தனம்.

சில கைவைத்தியங்கள்

சுத்தி பட்டுப் பள்ளம் விழுந்தால்: நார் அறுபடாமல் அமுங்கி மட்டும் இருந்தால், அந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடிகள் அழுத்துங்கள். நீராவி ஏறி நார் உப்பி எழும். தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம். காய்ந்தபிறகு உப்புத்தாள். பாலிஷ் போடும் முன்பே செய்யவேண்டிய வைத்தியம் இது.

ஆணியால் பலகை பிளந்தால்: ஆணியை எடுத்துவிட்டு, பிளவுக்குள் ஃபெவிகாலை மெல்லிய தகட்டால் செலுத்தி இறுக்கிக் கட்டுங்கள். கிளாம்ப் இல்லையா? பலகையைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் போதும். ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடுத்தமுறை ஓரத்தில் ஆணி அடிக்கும் முன் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள். ஆணியின் கூரைச் சுத்தியால் தட்டி மழுக்கிவிட்டு அடிப்பதும் பழைய உத்தி. கூரான நுனி நாரை ஆப்பு மாதிரிப் பிளக்கும். மழுங்கிய நுனி நாரை நசுக்கி வழி செய்துகொள்ளும்.

கழுந்து தொளதொளத்தால்: இழைப்புளிச் சீவலில் நல்லதாக ஒன்றை எடுத்து, நார் ஒரே திசையில் வரும்படி கழுந்தின் பக்கத்தில் ஒட்டுங்கள். காய்ந்ததும் தேவையான அளவு சீவிப் பொருத்துங்கள். பசையை மட்டும் நிறைய ஊற்றி இடைவெளியை நிரப்பினால் நிற்காது. பசை மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் அதற்கு வலு.

துளை தப்பான இடத்தில் விழுந்தால்: பக்கத்திலேயே அவசரமாக இன்னொரு துளை போடாதீர்கள், பிட்டு நழுவிப் பழைய துளைக்கே போய்விடும். அதே மரத்தில் முளை செதுக்கி, பசை தடவி அடைத்து, காய்ந்தபிறகு புதிதாகத் துளையிடுங்கள். திருகாணி தேய்ந்து பிடிக்காமல் போன துளைக்கு, தலை நீக்கிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகினாலே பிடித்துக்கொள்ளும்.

இழைக்கும்போது நார் பெயர்ந்தால்: பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கமிருந்து இழையுங்கள். கத்தியைத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுங்கள். கணு உள்ள இடத்தில் இழைப்புளியை விட்டுவிட்டுச் சுரண்டி எடுப்பதே மேல்.

பசை வெளியே வழிந்தால்: உடனே ஈரத்துணியால் துடைக்கவேண்டும். விட்டுவிட்டால் அந்த இடத்தில் மரத்தின் துவாரங்கள் அடைபட்டு, பாலிஷ் ஏறாமல் வெளுப்புத் திட்டு தெரியும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கிற வைத்தியத்திலும் இதே சங்கடம் உண்டு. பெயிண்ட் அடிக்கப்போகும் சாமானுக்கு அது சரி, பாலிஷ் போடுவதற்குச் சரிப்படாது.

மறைக்கக் கூடாத தவறு

இத்தனை வைத்தியம் தெரிந்தவருக்கு ஒரு சோதனை வரும். தவறைத் திருத்துவதா, மறைப்பதா? ஏணிப்படியில், கட்டில் காலில், நாற்காலியில், தொட்டில் சட்டத்தில் வெடிப்போ உளுத்த கணுவோ இருந்தால் மக்கு பூசிப் பெயிண்ட் அடிப்பது குற்றம். அங்கே புதுக் கட்டைதான் போடவேண்டும். நஷ்டத்தைப் பார்த்தால் ஒரு குழந்தை விழும்.

ஒரு தடவை, வெளியூர் வேலைக்கு அப்பாவோடு வந்த உதவியாள் பையன், வாசல் கதவில் பூட்டுக்கான குழியைக் கீல் பக்கத்துச் சட்டத்தில் தோண்டிவிட்டான். நல்ல தேக்கு. பையன் அழ ஆரம்பித்துவிட்டான். அப்பா வழக்கம்போலப் பெருக்கினார். பிறகு அதே மரத்தின் மிச்சத் துண்டிலிருந்து, நார் ஓட்டமும் நிறமும் ஒத்துப்போகிற ஒரு கட்டையைத் தேடி எடுத்தார். லேசாகச் சரிவு கொடுத்துச் செதுக்கி, பசை தடவிக் குழியில் இறக்கி, மறுநாள் சமமாக இழைத்தார். தடவிப் பார்த்தால்கூடக் கைக்குத் தட்டுப்படவில்லை.

ஆனால் பாலிஷ் போடும் முன் அவரே வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "சார், இந்த இடத்துல ஒட்டுப் போட்டிருக்கேன். வலுவுக்குக் குறையில்ல. ஆனா உங்களுக்குத் தெரியணும். ஒரு நாள் கூலி எனக்கு வேண்டாம்" என்றார். வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் கூலி உண்மையிலேயே கழிந்துதான் வந்தது.

பஸ்ஸில் வரும்போது, "சொல்லாட்டி அவருக்குத் தெரிஞ்சே இருக்காதேப்பா" என்று கேட்டேன். "நாளைக்கு மரம் அசைஞ்சா அந்தக் கோடு தெரியும்டா. அப்ப அவரு என்னைத் திருடன்னு நினைப்பாரு. இப்ப வெறும் தப்புப் பண்ணினவன்னு நினைச்சிட்டுப் போறாரு" என்றார். இரண்டு வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய அந்த வீட்டுக்காரர்தான் ஆள் அனுப்பினார்.

ஜப்பான்காரரும் எங்கள் அப்பாவும்

ஷிகியோ ஷிங்கோ (1909-1990) என்ற ஜப்பானியப் பொறியாளர் 'போகா-யோகே' என்ற முறைக்குப் பேர் போனவர். 'தவறு நேராமல் தடுத்தல்' என்று பொருள் கொள்ளலாம். 1961-ல் ஒரு தொழிற்சாலையில் ஸ்விட்சுக்குள் வைக்கவேண்டிய இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றைத் தொழிலாளர்கள் அவ்வப்போது மறந்துவிடுவார்கள். "கவனமாக இரு" என்று சொல்லிப் பயனில்லை. ஷிங்கோ என்ன செய்தார்? முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு தட்டில் எடுத்து வை, பிறகு வேலையைத் தொடங்கு என்றார். வேலை முடிந்தும் தட்டில் ஸ்பிரிங் மிச்சமிருந்தால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். ஆளைத் திட்டாமல் ஏற்பாட்டை மாற்றினார், அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எங்கள் கொட்டகைதான் என் கண்முன் வந்தது. துளை ஆழமாகப் போய்விடக் கூடாதென்று அப்பா டிரில் பிட்டில் துணி நாடா சுற்றி அடையாளம் வைப்பார். கீல் இடம் குறிக்க எல்லாக் கதவுக்கும் ஒரே அட்டையை வைத்துக்கொள்வார். வீண்போகும் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான் ரம்பத்தை எடுப்பார். அந்தப் பூட்டுக் குழி விவகாரத்துக்குப் பிறகு, கதவு பெஞ்சுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாக்பீஸால் 'கீல்', 'பூட்டு' என்று இரண்டு பக்கமும் எழுத வைக்கிறார். பையனைத் திட்டியதைவிட அந்தச் சாக்பீஸ்தான் அதிகம் வேலை செய்தது. பள்ளிக்கூடம் சரியாகப் போகாத மனுஷனுக்கு ஜப்பான் முறை எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். தவறைப் பார்த்துக் கத்தாமல், அது ஏன் வந்தது என்று யோசிக்கிற எவருக்கும் அது தானாகவே பிடிபடும்.

நீங்களும் பட்டறையில் ஒரு பழைய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, என்ன தவறு, எத்தனை மி.மீ., ஏன் வந்தது, எப்படிச் சரியாயிற்று என்று ஐந்து பத்தி போதும். அளவில் பிறந்ததா, மரத்தில் பிறந்ததா, கருவியில் பிறந்ததா, அவசரத்தில் பிறந்ததா என்று நாலைந்து மாதத்தில் விளங்கிவிடும்.

நமக்கு என்ன?

நண்பர்களே! நம்மோடு சேர்ந்த சிலர் இன்று நம்மோடு இல்லை. முதல் பரீட்சையில் இரண்டு அரியர் விழுந்தது. வெட்கம், ஆத்திரம், "நமக்கெல்லாம் படிப்பு எதுக்கு" என்ற வெறுப்பு. ஹாஸ்டல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் சிலர் என்னைப்போலவே வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அரியர் என்றால் என்ன, திரும்ப எழுதலாமா என்று வீட்டில் விளக்கிச் சொல்லவும் ஆள் இல்லை. அரியர் ஒரு நூல்தான். அதைத் திருத்த வழி இருந்தது. பாதியில் விட்டுப் போனதுதான் பலகையே போன கதை.

அடுத்த ஆண்டு முதலாண்டு மாணவர்கள் வரும்போது, மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் தனியாக நிற்கிற ஒருவனை நீங்கள் பார்க்கக்கூடும். அவனுக்குப் புத்திமதி எதுவும் சொல்லவேண்டாம். கேன்டீனுக்கு அழைத்துப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பிறகு எத்தனை மார்க்கில் போயிற்று, எந்தப் பாடம், மறுபடி எழுத எப்போது பணம் கட்டவேண்டும் என்று அவனோடு உட்கார்ந்து அளந்து பாருங்கள்.